சித்தம் என்றால் சும்மா இருப்பதா?

"கர்த்தருடைய சித்தம் எதுவோ அதுதான் நடக்கும்." இந்த வார்த்தையைக் கேட்காமல் எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு நாள்கூட போகாது. மற்ற வீடுகளில் 'தலையெழுத்து' என்றோ 'ஆண்டவன் விட்ட வழி' என்றோ சொல்வார்கள். நானும் சொல்கிறவள்தான். பாரத்தை எல்லாம் கடவுளிடம் இறக்கி வைக்காவிட்டால் நம்மைப் போன்ற குடும்பப் பெண்களால் ஒரு மாசத்தை ஓட்ட முடியுமா? ஆனால் இந்த வார்த்தையை யாருக்கு, எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

அம்பத்தூரில் எங்கள் தெருவில் ஒரு அக்கா. மார்பில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியில் சொல்லவும் கூச்சம். வீட்டு ஜெபத்தில் எங்களிடம் மெதுவாகச் சொன்னார். எல்லோரும் கண்ணீரோடு ஜெபம் பண்ணினோம். அதில் ஒன்றும் தப்பில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றதற்கு வீட்டுக்காரர், "ஆண்டவர் கிட்ட ஒப்புக்கொடுத்துட்டு டாக்டர் கிட்டயும் ஓடினா அது என்ன விசுவாசம்?" என்று கேட்டாராம். மாமியாரும் அதையே சொல்லியிருக்கிறார். இப்படியே பத்து மாசம் ஓடிவிட்டது.

நடுவில் ஒரு நாள் ராத்திரி அதே வீட்டுக்காரருக்கு நெஞ்சைப் பிடித்தது. பதினோரு மணிக்கு ஆட்டோ, ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் நடந்தது. கடைசியில் வாயுத் தொல்லை என்று மாத்திரையோடு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு யாருமே விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை! ஆணுக்கு வலி வந்தால் ஆட்டோ, பெண்ணுக்குக் கட்டி வந்தால் தேவ சித்தமா? எந்த வேதத்தில் அப்படி இருக்கிறது, சகோதரிகளே?

வேதத்தில் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பி அழுது ஜெபித்தார். ஆண்டவர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். அப்புறம் ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் பற்றுப் போடச் சொன்னார்! வாக்கு கொடுத்த கடவுளே மருந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சிலர் ஆசா ராஜாவைக் காட்டுவார்கள். காலில் வியாதி வந்தபோது அவர் வைத்தியரைத் தேடினார் என்பது அல்ல குறை, ஆண்டவரைத் தேடவே இல்லை என்பதுதான். இயேசுவும் கெத்செமனே தோட்டத்தில் எடுத்த எடுப்பில் 'உமது சித்தம்' என்று சொல்லிவிடவில்லை. இந்தப் பாடு என்னை விட்டு நீங்கட்டும் என்று முதலில் வாய்விட்டுக் கேட்டார், வேர்வை ரத்தத் துளி மாதிரி விழுகிற அளவுக்கு. கேட்ட பிறகுதான் ஒப்புக்கொடுத்தார். நம்ம வீட்டுப் பெண்களை மட்டும் கேட்கவே விடாமல் ஒப்புக்கொடு என்கிறோம்.

நம்ம பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அரக்கோணம் வழியாகக் காட்பாடிக்கு ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி.க்கு இங்கிருந்து எத்தனை பேர் போகிறார்கள்! அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி குடும்பம், ஆனால் அந்தப் பெண்ணுக்கு இந்தியாவில் இருக்கவே பிடிக்கவில்லை. அமெரிக்காவில் கல்யாணம் கட்டி வசதியாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேரின் மனைவிகளும் பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. மூன்றும் சின்ன வயசு.

அந்த ராத்திரி முழுக்க ஐடா தூங்காமல் ஜெபித்தார். எழுந்து வந்து 'எல்லாம் தேவ சித்தம்' என்று சமாதானம் சொல்லவில்லை. டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றார். தன்னுடைய ஆசையை விட்டுவிட்டு 1899-ல் படிப்பை முடித்து, அடுத்த வருஷமே திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் நாற்பது படுக்கையோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு மட்டும் மருத்துவப் பள்ளி, ஆண்களைச் சேர்த்தது 1947-ல்தான். 1960-ல் சாகும்வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தது தன்னுடைய வாழ்க்கையை. நாம் ஒப்புக்கொடுப்பதோ பெரும்பாலும் அடுத்தவள் உயிரை!

ஜெபமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவம் பார்த்தும் கைவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் நமக்குக் கடவுளைத் தவிர யார் இருக்கிறார்கள்? அங்கே சொல்ல வேண்டிய வார்த்தையை ஸ்கேன் எடுக்கும் முன்னாலேயே சொல்லி வாயை அடைப்பதைத்தான் சொல்கிறேன். வீட்டு ஜெபம் நடத்துகிற சகோதரிகள், யாராவது உடம்பு விஷயம் சொன்னால் ஆமென் சொன்ன கையோடு "டாக்டர்ட்ட காட்டினீங்களா?" என்றும் கேளுங்கள். காசு இல்லையென்றால் காணிக்கையில் எடுத்துக் கொடுங்கள், ஆண்டவர் கோபிக்க மாட்டார்.

அந்த அக்காவுக்கு இப்போது ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. "இவ்வளவு நாள் ஏம்மா வரலை?" என்று டாக்டர் கேட்டபோது அக்கா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாராம். முடி கொட்டிவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை. வேதப் புத்தகத்தை மட்டும் பையில் இருந்து எடுக்கவே இல்லை, கூடவே கொண்டுபோகிறார். எங்கள் ஜெபக் கூட்டத்தில் முறை வைத்துத் துணைக்குப் போகிறோம். வருகிற வியாழக்கிழமை என்னுடைய முறை.

- ஒரு வாசகி, அம்பத்தூர்