அந்தப் படத்தை எடுத்தது யாரு?

உங்க கல்யாண ஆல்பம் கைக்கெட்டுற தூரத்துல இருந்தா எடுத்து வச்சுக்கிட்டுப் படிங்க. த்ரெட் கொஞ்சம் நீளம்.

கெட்டிமேளம் முழங்கும்போது மெயின் போட்டோகிராபரோட லென்ஸ் தாலி மேலதான் இருக்கும். இருந்தாகணும். அந்த நேரத்துல பொண்ணோட அப்பா கண்ணைத் துடைச்சாரே, பாட்டி அட்சதையைப் போட மறந்து கையிலயே வச்சுக்கிட்டு நின்னாங்களே, அதை எடுத்தது யாரு? பெரும்பாலும் ரெண்டாவது கேமராக்காரர். அசிஸ்டென்ட். அவர் பேரு உங்களுக்குத் தெரியாது.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. தோள்வலின்னு ஒரு தம்பி ஓ.பி.க்கு வந்தார். (அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன்.) ஆறு வருஷமா கல்யாண வேலை. ராத்திரி ரிசப்ஷன், விடியக்காலை முகூர்த்தம், தோள்ல ரெண்டு கேமரா. "தனியா ஆரம்பிக்கலாமே தம்பி, எடுத்த படத்தைக் காட்டுங்க"ன்னேன். போனை நீட்டினார். அக்கா பையனோட காதுகுத்துப் படம் பத்து. அவ்வளவுதான். மத்ததெல்லாம் மண்டபத்துலயே கார்டை வாங்கி, காப்பி எடுத்து, ஃபார்மட் பண்ணித்தான் திருப்பித் தருவாங்களாம். போர்ட்ஃபோலியோவுக்குக் கேட்டா அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டாங்களாம். ஆறு வருஷ உழைப்புக்கு அவர்கிட்ட இருக்கிற ஒரே சாட்சி அந்தத் தோள்வலி.

எனக்கு என் லாக்புக் ஞாபகம் வந்துச்சு. எம்.எஸ். படிக்கும்போது எந்த ஆபரேஷனைப் பார்த்தேன், எதுல அசிஸ்ட் பண்ணேன், எதை நானே செஞ்சேன்னு எல்லாம் அதுல எழுதி சீஃப் கையெழுத்து வாங்கணும். அது இல்லாம பரீட்சை கிடையாது. தியேட்டர் என்னுது இல்ல, கத்தி என்னுது இல்ல, பேஷன்ட் என்னை நம்பி வரல. ஆனா "அந்தக் கேஸ்ல உனக்குப் பங்கே இல்ல"ன்னு எந்த சீஃபும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா நான் இன்னும் ரிட்ராக்டர் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னிருப்பேன்.

ஸ்டூடியோ முதலாளிகள் சொல்றது இதுதான்: கேமரா எங்களுது, சம்பளம் குடுத்தாச்சு, படத்தை விட்டா நாளைக்கு எங்க கஸ்டமரையே தூக்கிட்டுப் போவான். கடைசி பயம் நியாயமானதுதான். அதுக்கு வழி இருக்கு. ஆல்பம் டெலிவரி ஆன பிறகு போடட்டும், எந்த ஸ்டூடியோவுக்காக எடுத்ததுன்னு எழுதட்டும், விற்கக் கூடாது, அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய் ஆர்டர் கேட்கக் கூடாது. இவ்வளவையும் ஒரு பக்கத்துல எழுதிக் கையெழுத்து வாங்கலாம். பயத்துக்காக மொத்தமா வாயைக் கட்டுறது வேற விஷயம்.

"பொண்ணு வீட்டுக்காரங்க ப்ரைவசி" ன்னும் சொல்வாங்க. இதுல நான் அவங்க பக்கம். பேஷன்ட் சம்மதம் இல்லாம ஒரு தையல் போட்ட படத்தைக்கூட நான் வெளியில காட்ட மாட்டேன். சரி, அதே ஸ்டூடியோ தன்னோட இன்ஸ்டா பக்கத்துல உங்க படத்தைப் போட்டுச்சே, உங்களைக் கேட்டாங்களா?

சட்டத்தையும் பார்ப்போம். 1957 காப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். ஆனா பிரிவு 17 ஒரு திருப்பம் வைக்குது: காசு கொடுத்து எடுக்கச் சொன்னா, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல, சொன்னவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் எடுத்ததுன்னா முதலாளிக்குப் போகும். அதனால அசிஸ்டென்ட் கையில காப்புரிமை நிற்கிறது கஷ்டம்தான், அதை மறைக்க விரும்பல. ஆனா பிரிவு 57 இன்னொண்ணு சொல்லுது: காப்புரிமை கை மாறின பிறகும், "இது என் படைப்பு"ன்னு சொல்ற உரிமை ஆசிரியருக்கு உண்டு. படத்தையே காட்ட விடாம, நான் எடுத்தேன்னு மட்டும் சொல்லிக்கோன்னா அவர் யார்கிட்ட போய்ச் சொல்வார்?

இங்கதான் நீங்க வர்றீங்க. காசு குடுக்கிறது நீங்க. அட்வான்ஸ் குடுக்கும்போது கொட்டேஷன்ல ட்ரோன் உண்டா, ஆல்பம் எத்தனை பக்கம்னு கேட்கிறோம்ல? கூடவே ஒரு வரி எழுதச் சொல்லுங்க: "நாங்கள் சம்மதிக்கும் படங்களை, அவற்றை எடுத்த உதவிப் புகைப்படக் கலைஞர் தன் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம்." எந்தப் படம்னு நீங்களே தேர்ந்தெடுங்க. மணப்பெண் அறை வேண்டாம், குழந்தைகள் வேண்டாம்னா வேண்டாம்தான்.

அடுத்த மாசம் எங்க வீட்டுல வளைகாப்பு. ஸ்டூடியோக்காரர்கிட்ட இதைக் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்"னார். ரெண்டு நிமிஷம் யோசிச்சார். அப்புறம் எழுதிக் குடுத்துட்டார்.