ஐந்து பேருக்கு ஒரு ரைபிள்

போன மாதம் எங்கள் கழகத்தில் நல்ல வாக்குவாதம் ஒன்று நடந்தது. இளையோர் பிரிவுக்குப் புதிதாக ஒரு எயார் ரைபிள் வாங்கக் காசு சேர்ந்திருக்கிறது. இப்போது இருப்பதும் சும்மா சாமான் இல்லை. ஜேர்மனியில் செய்தது. கன்னம், தோள், கை, விரல் என்று எல்லாவற்றுக்கும் ஏற்றபடி மாற்றலாம். அதைவிடத் திறமானது எது என்பதுதான் கேள்வி. மின்னணு விசை உள்ளதை எடுப்போம் என்றார் ஒருவர். பாரம் குறைந்தது வேண்டும் என்றார் இன்னொருவர். அதிர்வை இன்னும் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது என்று மூன்றாமவர் போனில் படம் காட்டினார். நான் வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் எனக்கு உடனே பதில் வராது, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் வரும். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பத்து மீற்றர் தூரத்தில் நின்றபடி சுடவேண்டும். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். இலக்கின் நடுவே உள்ள பத்துப் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீற்றர், பேனா முனையால் ஒரு குத்து வைத்த மாதிரி. 75 நிமிடத்துக்குள் 60 சூடு. ஒவ்வொன்றும் தசமத்தில் எண்ணப்படும், ஆகக்கூடியது 10.9. ரைபிள் 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது.

நல்ல ரைபிள் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டையும் வரும். தொழிற்சாலையில் ரைபிளை இறுக்கிப் பூட்டிச் சோதித்துச் சுட்ட அட்டை. எல்லாக் குண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, பார்த்தால் ஒரே ஓட்டை மாதிரி இருக்கும். இதற்குமேல் அந்தக் குழல் என்ன செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தார். ஒரு சூட்டுக்குச் சராசரி 10.5. அதற்குக் கிடைத்தது 10ஆம் இடம். முதல் எட்டுப் பேர்தான் இறுதிச் சுற்றுக்குப் போகலாம். அந்த வரிசையில் நின்ற எல்லோர் கையிலும் இருந்தது முதல்தரமான ரைபிள்தான். மிச்சமெல்லாம் உடம்பும் மூச்சும் மனதும், பிறகு உடம்பும் ரைபிளும் தொடுகிற அந்த நாலைந்து இடங்களும்தான்.

எங்கள் பிரச்சினையும் அந்த நாலைந்து இடங்களில்தான் இருக்கிறது. எங்களிடம் ஒரு ரைபிள், ஐந்து பிள்ளைகள். ஆறடிப் பெடியன் ஒருவன் சுட்டு முடித்ததும், நாலடி பத்தங்குலப் பிள்ளை ஒருத்தி அதை எடுப்பாள். தோள்தட்டை இறக்கவேண்டும், கன்னப்பலகையை ஏற்றவேண்டும், கைதாங்கியை மாற்றவேண்டும், விசையைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். அலன் கீயோடு இருபது நிமிடம். "போன கிழமை இப்பிடி இருக்கேல்லையே அக்கா" என்று அவள் சொல்வாள். எப்படி இருந்தது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் முதல் பத்துச் சூடும் அந்தச் சந்தேகத்திலேயே போய்விடும்.

காசு உள்ளவர்கள் ஆளுக்கொன்று வாங்கட்டும் என்று சொல்லலாம். ஆனால் சட்டம் இருக்கிறது. கனடாவில் எயார் ரைபிளின் வேகம் செக்கனுக்கு 152.4 மீற்றரையும் சக்தி 5.7 யூலையும் சேர்த்துத் தாண்டினால் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒலிம்பிக் தரத்தில் செய்பவை பொதுவாக இரண்டையும் தாண்டும். 12 வயதிலிருந்து 17 வரை உள்ளவர்களுக்கு இளையோர் அனுமதி கொடுப்பார்கள், அதை வைத்து இரவல் வாங்கிச் சுடலாம். சொந்தமாக வாங்க முடியாது. அதாவது இந்த வயதுக்காரருக்கு இரவல் ரைபிள்தான் வழமை. அப்படியிருக்க, இந்த விலையுயர்ந்த ரைபிள்கள் எல்லாம் ஒரே ஆள் ஒருமுறை சரிசெய்துவிட்டுப் பிறகு தொடவே மாட்டார் என்று நினைத்துச் செய்த மாதிரி இருக்கின்றன.

இதை எனக்குக் காட்டித்தந்தவர் எங்கள் அப்பா.

அப்பாவுக்கு இது ரைபிள் இல்லை, துவக்கு. அதன் பின்கட்டைக்குச் சோங்கு என்று பெயர். அந்தச் சொல்லை நான் அவரிடம்தான் படித்தேன். 17 வயதில் ஒரு சோதனைச் சாவடியில் முதுகில் சோங்கால் வாங்கியவர். நான் பன்னிரண்டு வயதில் கடேற்ஸில் சேர்ந்து, அங்கே ஒருமுறை பம்ப் அடித்துச் சுடும் டெய்சி 853இல் பழகியபோது, இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. "உதுக்கோ நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்?" என்று அம்மாவிடம்தான் கேட்டார், எனக்குக் கேட்கிற மாதிரி. எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது வராது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அவரோடு மல்லுக்கட்டவேண்டாம். இது விளையாட்டுத்தானே என்று நூறுதரம் சொல்லி அவரை மாற்ற முடியாது. நான் சொல்லிப் பார்த்தவள்.

ஆனால் கூட்டிக்கொண்டு போவார். 2008இல் ரொறன்ரோ மாநகரசபை தன் இடங்களில் இருந்த சுடுதளங்களை மூட முடிவெடுத்தது. ஒன்று யூனியன் ஸ்டேஷனில், இன்னொன்று இங்கே ஸ்காபரோவில். அதனால் எங்களுக்கு நெடுஞ்சாலை பிடித்து ஐம்பது நிமிட ஓட்டம். நான் உள்ளே சுடுவேன், அப்பா காருக்குள் வானொலி கேட்பார். மூன்று வருடம் அப்படித்தான். பிறகு ஒரு பெப்ரவரியில் காரில் ஹீற்றர் பழுதாகி, வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார். நான் அலன் கீயோடு முழங்காலில் இருந்தேன். அப்பா கையைப் பொக்கற்றுக்குள் வைத்தபடியே குனிந்து பார்த்தார். ரைபிளைத் தொடவில்லை.

"உதில ஏன் நம்பர் இல்லை?" என்று கேட்டார்.

அப்பா இருபது வருடத்துக்குமேல் மெஷின் ஷொப்பில் வேலை. "எங்கட மெஷினில இரவு ஷிவ்ற்காரன் எல்லாத்தையும் மாத்திப்போட்டுப் போவான். காலமை நான் நம்பரைப் பாத்து அதே இடத்தில கொண்டுவந்து வைப்பன். ரெண்டு நிமிசம்" என்றார். பிறகு கோப்பி வாங்கப் போய்விட்டார்.

2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்கு நடந்ததை யோசித்துப் பாருங்கள். இறுதிச் சுற்றுக்கு முன் சுட்டுப் பார்த்தபோது குண்டு எங்கோ விலகி விழுந்தது. யாரோ தன் குறிகாட்டியை மாற்றியிருக்கவேண்டும் என்று பின்னர் சொன்னார். இருந்த சில நிமிடத்துக்குள் திருகிச் சரிசெய்து, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அவர் நிதானத்தைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், சரிதான். என் கண்ணுக்குப் படுவது வேறொன்று. குறிகாட்டியில் கிளிக் இருக்கிறது. இத்தனை கிளிக் இடம், இத்தனை கிளிக் மேல் என்று எண்ணித் திரும்பி வரலாம். மாறியது கன்னப்பலகையாக இருந்திருந்தால்?

ஆகவே நான் கேட்பது இதுதான். மாற்றக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் எண் போட்ட திருகு வேண்டும், கிளிக் என்று விழுந்து நிற்கவேண்டும், அலன் கீ இல்லாமல் விரலால் திருப்ப முடியவேண்டும். சில புது மொடல்களில் அங்கங்கே கோடு போட்டிருக்கிறார்கள். அங்கங்கே போதாது. ஐந்து பிள்ளைகளுக்கும் ஐந்து அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிவிடலாம் என்ற அளவுக்கு இருக்கவேண்டும். அதோடு ஆகக் குறைந்த அளவு இன்னும் சிறியதாக வேண்டும். பெண்களுக்கு முன்பு 40 சூடு, 2018இலிருந்து ஆண்களைப்போல 60. சோங்கு நீளமாக இருக்கும் ரைபிளோடு ஒரு சின்னப் பிள்ளை அவ்வளவு நேரம் நின்றால் முதலில் நோவது இடுப்புத்தான்.

எங்கள் பயிற்சியாளர் இதற்கு ஒரு மறுப்புச் சொன்னார். நன்றாகச் சுடுபவர்களுக்கு இரண்டு கிளிக்குக்கு நடுவில்தான் சரியான இடம் இருக்கும் என்றார். உண்மைதான், எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. அதற்குப் புரியை நுணுக்கமாக வெட்டினால் போதும் என்பது அப்பாவின் பதில். மின்னணு விசையை நான் குறை சொல்லவில்லை. தேசிய அணியில் இருந்தால் நானும் கேட்பேன். இளையோர் பிரிவில் அது மின்கலம் ஏற்ற மறப்பதற்கு இன்னொரு சாமான், அவ்வளவுதான். இரண்டாம் கையாக நல்லது ஒன்று கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். காற்றுச் சிலிண்டரின் திகதியை மட்டும் பாருங்கள். செய்து பத்து வருடம் ஆனால் அதை மாற்றவேண்டும், பலர் அதை விலையில் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. கன்னப்பலகைக்கு எண் திருகு எப்படிப் பூட்டலாம் என்று அப்பா மின்சார பில்லின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறித் தந்திருக்கிறார். அதைக் கொண்டுபோகிறேன். அளவெல்லாம் அங்குலத்தில் இருக்கிறது, மில்லிமீற்றருக்கு மாற்றவேண்டும்.