சட்டமன்றம் 'முடித்துவைப்பு'ன்னா ஆட்சி முடிஞ்சிடுச்சா?

டெஸ்க்கில் சேர்ந்த மூன்றாவது வாரம். ஒரு மாநில ஆளுநர் சட்டமன்றத்தை 'ப்ரோரோக்' செய்துவிட்டார் என்று ஏஜென்சியிலிருந்து ஒரு வரி ஃப்ளாஷ் வந்தது. 'சட்டமன்றம் கலைப்பு' என்று டைப் செய்து, நோட்டிஃபிகேஷன் அனுப்பும் பட்டனில் விரலையும் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த சீனியர் அக்கா, "டேய் தம்பி, ஒரு ஆட்சியையே கவுத்துட்டியேடா!" என்றார். நல்லவேளை, அனுப்பவில்லை.

அதிகம் புழங்காத வினைச்சொல் இது. 'ரோக்' என்கிற போக்கிரிக்குச் சொந்தக்காரன் போலத் தெரிந்தாலும், அந்தப் பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. லத்தீன் மூலத்தில் 'நீட்டித்தல்' என்று பொருள். நீட்டிப்பது தள்ளிப்போடுவதாகி, பிறகு கூட்டத்தொடரை முடித்துவைப்பதாகிவிட்டது. வார்த்தைகளும் கட்சி மாறும் போல!

ஸ்கூல் கணக்கில் சொன்னால் சுலபம். 'அட்ஜர்ன்' என்பது இன்டர்வெல் பெல். சபாநாயகர் அடிப்பார், அதே கூட்டத்தொடர் மறுபடி தொடரும். 'ப்ரோரோக்' என்பது பரீட்சை லீவு. கூட்டத்தொடர் முடிந்தது, ஆனால் உறுப்பினர்கள் அதேபேர்தான், ஆட்சியும் அதேதான். 'டிஸ்ஸால்வ்' என்றால் எல்லோருக்கும் டி.சி. மறுபடி அட்மிஷனுக்குத் தேர்தலில் ஜெயித்து வரவேண்டும். பின்னது இரண்டுக்குமே ஆளுநர்தான் கையெழுத்துப் போடுவார் என்பதால்தான் என்னைப் போன்றவர்கள் குழம்புகிறோம்.

குழப்பம் எங்களோடு நிற்பதில்லை. 2022 பிப்ரவரியில் மேற்கு வங்க ஆளுநர் ஜக்தீப் தன்கர் சட்டமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தபோது, அப்போது நம் முதல்வராக இருந்த ஸ்டாலின் ட்விட்டரில் கண்டித்தார். மாநில அரசு கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்று தன்கர் பதில் சொன்னார்.

பிரிட்டனில் இந்தச் சொல் கோர்ட் ஏறியது. 2019-ல் போரிஸ் ஜான்சன் அரசு பார்லிமென்ட்டை ஐந்து வாரம் ப்ரோரோக் செய்ய வைத்தது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, அது செல்லாது என்றார்கள். அங்கே ப்ரோரோக் செய்தால், நிலுவையில் உள்ள மசோதாக்கள் பெரும்பாலும் காலாவதியாகிவிடும். நம் அரசியலமைப்பில் அப்படி இல்லை, மசோதா உயிரோடு இருக்கும்.

இன்னொரு சிக்கல், 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு'. கேட்க முடித்துவைப்பு மாதிரியே இருக்கும். அதுவும் வெறும் அட்ஜர்ன்தான். ஆளுநர் முடித்துவைக்காத வரை, அவரிடம் கேட்காமலே சபாநாயகர் சபையை மறுபடி கூட்டலாம்.