வாத்தியாருக்கு நாடகம் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது கடைசிவரை வாசியுங்கள்.

போன கிழமை ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் ஒரு தகப்பனார் எங்களைப் பிடித்துக்கொண்டார். "எங்களை" என்று சொல்வது, இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பித்துக்கொண்டே கதை, கவிதை எழுதுகிற, பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிற, சில நேரம் நாங்களே மேடை ஏறுகிற நான்கைந்து ஆசிரியர்களை. "சேர், கோவிக்காதீங்க. நாடகத்துக்குப் போற நேரத்துல புள்ளைகளுக்கு ரெண்டு கணக்குச் சொல்லிக் குடுத்தா என்ன? வாத்தியாருக்கு நாடகம் எதுக்கு?" என்று கேட்டார்.

கோபம் வரவில்லை. அவர் மனைவி கொழுந்து பறித்த சம்பளத்தில் பிள்ளையை டியூசனுக்கு அனுப்புகிறவர். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. பஸ் வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இது.

முதலில் எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்னர் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒத்திகை பார்த்த நாட்களில், எங்களில் ஒருவர் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைப் பத்து நாள் தாமதமாகத்தான் திருத்திக் கொடுத்தார். பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் "சேர், பேப்பர் திருத்திட்டீங்களா?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நாடகத்துக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அந்தக் கேடயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த விடைத்தாள் கட்டுதான் ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். திருத்த வேண்டிய விடைத்தாள் மேசையில் இருந்தால் ஒத்திகை இல்லை. கணித, விஞ்ஞானப் பாடவேளைகளில் எந்தப் பிள்ளையையும் வெளியே எடுப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கடைசித் தவணையில் பாத்திரம் கொடுப்பதில்லை. மூடுபனி இறங்குவதற்கு முன்னர் பெண்பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும். எழுதுகிற வேலை பஜ்ர் தொழுகைக்கும் காலை பஸ்ஸுக்கும் இடையில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில். நோன்பு மாதத்தில் அதுவும் இல்லை, தராவீஹ் முடிந்து வந்தால் உடம்பு கேட்காது. அந்த மாதம் வாசிப்பதோடு சரி.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு இதைச் செய்யத்தான் வேண்டுமா?

இந்த மலையில் இது புதிதில்லை. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றும் தோட்டங்களைப் பாருங்கள். பகலெல்லாம் கவ்வாத்து வெட்டியவர் இரவில் மன்மதனாக நிற்கிறார். விடிந்ததும் பெரட்டுக்குப் போகிறார். அந்தச் சடங்கு எங்கள் மார்க்கத்தில் இல்லாதது, நாங்கள் அதில் சேர்வதில்லை. ஆனால் வேலையையும் கலையையும் ஒரே உடம்பில் சுமந்தவர்கள் நம் அயலவர்கள் என்பதை மறுக்க முடியுமா?

ஹட்டனைத் தலைமையகமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் பத்திரிகையாளர், நாடகமும் எழுதியவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தானே பாட்டுக் கட்டி, தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். எழுத வாசிக்கத் தெரியாத சனத்துக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்துப் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அம்மா பாடியது பொழுதுபோக்குக்காக அல்ல. அதுவும் ஒரு படிப்பிப்புத்தான்.

வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியராக இருந்தவர், கவிஞர், தொழிற்சங்கவாதி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். இத்தனை வேலைக்கு நடுவே லயத்துச் சனம் பாடியதைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துவைத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல்தான் புத்தகமாக வந்தது. அடுத்த வருடம் அவர் காலமானார். "எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்று அவர் விட்டிருந்தால் நம் பாட்டிமார் பாடியதில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கும்? தெளிவத்தை ஜோசப்பும் தோட்டத்தில் படிப்பித்து, கணக்கெழுதி, அதற்கிடையில் கதை எழுதியவர்தான். தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

நம் பள்ளிவாசல் பக்கத்திலும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆசிரியர் மேடையில் வேஷம் கட்டலாமா என்கிறார்கள். மேடையில் எதைச் சொல்கிறோம், எப்படி நிற்கிறோம் என்பதில் எங்களுக்கும் வரம்பு உண்டு. அதை யார் சுட்டிக்காட்டினாலும் கேட்போம். ஆனால் சீறாப்புராணத்தை வீட்டில் கூட்டி உட்காரவைத்து இராகத்தோடு வாசித்துப் பொருள் சொன்ன சமூகம் நாம். கண்டிப் பக்கம் போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரைத் தந்த மலை இது. தமிழும் குரலும் நமக்கு அந்நியமில்லை.

இனி ஒரு பிள்ளையின் கதை. ஒன்பதாம் தரம், பின் வாங்கு. கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் போகமாட்டான். நாடகத்துக்குத் தாளம் தேவைப்பட்டபோது மேசையில் ஒரு அடி அடித்தான், வகுப்பே திரும்பிப் பார்த்தது. எங்கே பழகினாய் என்று கேட்டோம், சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவனுடைய தாத்தா தோட்டத்தில் தப்படிக்கிறவர். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று மறைத்திருக்கிறான். தாத்தாவை அழைத்தோம். வந்தவர் கதிரையில் உட்கார மறுத்துக் கதவடியிலேயே நின்றார். உட்காரவைக்கப் பத்து நிமிடம் ஆனது. ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு அடி சொல்லிக் கொடுத்தார். அடுத்த கிழமை அந்தப் பையன் தாத்தாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். எழுத்துப் பிழை நிறைய. பொய் ஒன்றும் இல்லை. அந்தத் தவணை கணக்கில் அவன் சித்தியடையவில்லை, அதையும் மறைக்கவில்லை. ஆனால் இப்போது கணக்கு விளங்காவிட்டால் கையை உயர்த்திக் கேட்கிறான். முன்னர் கேட்கமாட்டான்.

அந்தத் தகப்பனாருக்கு எங்கள் பதில் இதுதான். நாடகம் கணக்கின் இடத்துக்கு வருவதில்லை. கணக்குக் கேட்க வாய் திறக்காத பிள்ளையை வாய் திறக்கவைக்க நாடகம் தேவைப்படுகிறது.

ஆனால் இந்தச் சமநிலையை ஆசிரியர் மட்டும் பிடித்து நிறுத்த முடியாது. ஊருக்கும் பங்கு இருக்கிறது. பரிசளிப்பு விழா என்றால் "சேர், ஒரு நாடகம் போடுங்க" என்று மூன்று நாளுக்கு முன்னர் சொல்கிறோம். விழா முடிந்ததும் "இந்த வேலையெல்லாம் எதுக்கு" என்று கேட்கிறோம். நூல் வெளியீட்டில் பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம், புத்தகத்தை மட்டும் வாங்குவதில்லை. பெட்டியோடு அது எழுதியவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. உடுப்புக்கும் தளபாடத்துக்கும் காசு ஆசிரியர் சம்பளத்தில் போகிறது. இப்படி மூன்று வருடம் போனால் யாரும் விட்டுவிடுவார்கள். விட்டவர்கள் பலரை எங்களுக்குத் தெரியும். அவர்கள் இன்று நன்றாகத் தூங்குகிறார்கள், நன்றாக இல்லை என்றும் சொல்கிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. தவணைக்கு ஒரு சனிக்கிழமை பாடசாலை மண்டபத்தையோ சனசமூக நிலையத்தையோ திறந்து தாருங்கள். விழாவுக்கு நாடகம் வேண்டுமானால் ஒரு மாதம் முன்னர் சொல்லுங்கள். ஊர்க்காரர் புத்தகம் போட்டால் வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள். நாங்கள் வகுப்பில் குறை வைத்தால் முகத்துக்கு நேரே கேளுங்கள், அந்தத் தகப்பனார் கேட்டதுபோல.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு அவரை வரச் சொல்லித் தகவல் அனுப்பியிருக்கிறோம். நீங்களும் வாருங்கள். வரும்போது பிள்ளையின் கணக்குக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். ஒத்திகை முடிந்ததும் இருந்து பார்த்துத் தருகிறோம்.

வஸ்ஸலாம்.