அங்க ஒண்ணுமே இல்லீங்களா?

எகிப்தோட மத்தியதரைக்கடல் கரையைப் பத்தி எந்த ரியல் எஸ்டேட் விளம்பரத்தைப் பார்த்தாலும் சுத்திச் சுத்தி ஒரே வார்த்தையிலதான் வந்து நிப்பாங்க: "காலி". அலெக்ஸாண்ட்ரியாவில் ஆரம்பித்து மேற்கே லிபியா எல்லையில் இருக்கும் சல்லூம் வரைக்கும் சுமார் 500 கிலோமீட்டர். முன்னாடி நீலக்கடல், காலடியில் வெள்ளை மணல், பின்னாடி பாலைவனம். ஆளே இல்லாத இடம், அள்ளிக்கோங்க! இந்த ஒரு பொய்யை வச்சுக்கிட்டு நூறு வருஷமா அந்தக் கரையைப் படுத்துற பாட்டை நினைச்சா பத்திக்கிட்டு வருது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஊர்ப் பேர்களைப் பாருங்க. 'மர்ஸா' என்றால் கப்பல் ஒதுங்கும் இடம், 'ராஸ்' என்றால் முனை, 'வாதி' என்றால் மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆறு. 'அலம்' என்றால் அடையாளக் குறி. எல் அலமைன் என்ற பேரே அந்த 'அலம்' இரட்டையாகி வந்ததுதான், அதாவது இரண்டு அடையாளங்கள். பேரிலேயே அடையாளத்தை வச்சிருக்கிற ஊரைப் போய் அடையாளமே இல்லாத பொட்டல்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும் :)

அந்த வெள்ளை மணல்கூட சும்மா மணல் இல்லை. கடல்ல உருண்டுகிட்டே இருந்த துகள்கள் மேல சுண்ணாம்பு படிந்து படிந்து ரவை மாதிரி உருண்டையானவை. அந்த மணல் மேடுகள் பல்லாயிரம் வருஷத்தில் கெட்டிப்பட்டு, கரைக்கு இணையா வரிசை வரிசையா கல் மேடுகளா நிற்கின்றன. மழை வருஷத்துக்கு 100-லிருந்து 150 மில்லிமீட்டர்தான், அதுவும் குளிர்காலத்தில். கடலை விட்டு கொஞ்சம் உள்ளே போனால் அதுவும் கிடையாது. இந்தக் கொஞ்சூண்டு தண்ணியை வாதிகளில் தடுத்து, பாறையைக் குடைந்த தொட்டிகளில் சேர்த்து, அத்தியும் ஆலிவும் பார்லியும் விளைவிக்கிறார்கள் அவ்லாத் அலி என்ற பெதூயின் குடிகள். மர்ஸா மத்ரூ வட்டாரத்தில் அந்தத் தொட்டிகளில் பல ரோமானியர் காலத்தவை. அலெக்ஸாண்ட்ரியாவுக்கு மேற்கே அபூஸீரில் ஒசைரிஸ் கோயிலின் இடிபாடும், பழைய கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு கோபுரமும் இன்னும் நிற்கின்றன. காலியாம்!

டேட்டாபேஸ்ல ஆணி புடுங்குற எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒண்ணு உண்டு. ஒரு கட்டத்தில் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் அதுக்கு அர்த்தம் பூஜ்யம் இல்லை, 'தெரியவில்லை'. ரெண்டையும் குழப்பிக்கிட்டா கணக்கு மொத்தமும் நாசம். மேப்ல வெள்ளையா விட்ட இடத்தைப் பூஜ்யம்னு படிச்ச பெரிய மனுஷங்க கதைதான் இனி.

கரையிலிருந்து தெற்கே போனால் கத்தாரா பள்ளம். கடல் மட்டத்துக்கு 133 மீட்டர் கீழே வரை இறங்கும் பிரம்மாண்டமான உப்புச் சகதி. இதில் மத்தியதரைக்கடலைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கலாம் என்று 1920களிலேயே ஜான் பால் கணக்குப் போட ஆரம்பித்தார். விழுகிற தண்ணி வெயில்ல ஆவியாயிடும், அதனால விழுந்துகிட்டே இருக்கும்னு யோசனை. கேட்க அழகாத்தான் இருக்கு. 1970களில் ஃப்ரீட்ரிக் பாஸ்லர் என்ற ஜெர்மன் பொறியாளர் தலைமையில் அதே திட்டம் மறுபடி வந்தது. கால்வாய் வெட்ட என்ன வழி சொன்னாங்க தெரியுமா? 213 அணுகுண்டு! ஒவ்வொன்றும் ஹிரோஷிமா குண்டைப் போல பல மடங்கு. நல்லவேளை, நடக்கலை. நானும் பொறியியல் படிச்சவன்தான் சாமி, ஆனா "காலி"ன்னு ஒரு வார்த்தை இல்லாம இப்படி ஒரு வரைபடத்தை யாராலயும் மேஜையில் வைக்க முடியாது.

போர் மட்டும் நடந்தது. அதுவும் நிலம் தீர்மானித்த போர். வடக்கே கடல், தெற்கே டாங்கி இறங்க முடியாத கத்தாரா, நடுவுல சுமார் 60 கிலோமீட்டர் இடைவெளி. சுத்தி வளைக்க வழியில்லாமல் ரோமெல் 1942-ல் அங்கதான் மாட்டினார். ஜெர்மானியர்கள் 'சாத்தானின் தோட்டம்' என்று பேர் வைத்து லட்சக்கணக்கில் கண்ணிவெடி புதைத்தார்கள், பிரிட்டிஷ்காரர்களும் தங்கள் பங்குக்குப் புதைத்தார்கள். சண்டை முடிஞ்சதும் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. கால் போனது, ஆடு மேய்க்கப் போனவனுக்கு. காலியான இடத்தில் யார் காலுங்க போச்சு?

அலமைன் கல்லறைத் தோட்டத்தில் 7,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள். தகனம் செய்யப்பட்ட 600-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அங்கேயே தனி நினைவிடமும் இருக்கு. இந்தியாவிலிருந்து போன நாலாவது டிவிஷன் அந்தப் பாலைவனத்தில் ரத்தம் சிந்தியது நம்ம பாடப் புத்தகத்தில் ஒரு வரியாவது வந்திருக்கலாம். அது வேற புலம்பல், விடுங்க.

"அப்போ வளர்ச்சியே வேணாமா"ன்னு யாராவது கிளம்புவீங்க. எகிப்தில் பத்து கோடிக்கும் மேல மக்கள், பெரும்பாலோர் நைல் ஓரத்தில் நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்காங்க. இடம் தேவைதான், ஒத்துக்கிறேன். ஆனா கரையில் கட்டினது யாருக்கு? கிலோமீட்டர் கணக்கில் மதில் சுவர் வைத்த கோடை வீடுகள். கெய்ரோ பணக்காரர்கள் கோடையில் ரெண்டு மூணு மாசம் வருவாங்க, மிச்ச நாள் பூட்டு. இதுதாங்க நிஜமான காலி இடம், காசு போட்டுக் கட்டினது!

எல் தபாவில் அணுமின் நிலையத்துக்காகப் பல வருஷம் முன்னாடி நிலத்தை எடுத்து வேலி போட்டார்கள். 2012 ஜனவரியில் உள்ளூர் மக்கள் வேலியை உடைத்து உள்ளே புகுந்துட்டாங்க. 2013-ல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க, 2022-ல் ரஷ்யர்கள் உதவியோடு கட்டுமானம் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் ராஸ் எல் ஹிக்மா. அரபியில் 'அறிவு முனை' என்று அர்த்தம் வரும். 170 சதுர கிலோமீட்டர், அபுதாபி அரசு நிறுவனத்தோடு 3,500 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 1,100 கோடி, எகிப்து மத்திய வங்கியில் ஏற்கனவே போட்டு வைத்திருந்த டெபாசிட். நாடு அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்த நேரம், அவசரம் புரியுது. ஆனா அந்த முனையில் வீடும் அத்தி மரமும் வச்சிருந்தவங்களுக்கு நஷ்டஈடு பேசவே ஆள் வேண்டியிருந்ததே. காலி நிலத்துக்கு எதுக்குங்க நஷ்டஈடு?