அமெரிக்க அடிமையும் காவேரிக்கரைப் பண்ணையாளும்

அமெரிக்காவில் கறுப்பு மக்களை ஆடுமாடு போல் விற்று வாங்கிய கொடுமையைப் பற்றிப் பேசினால் நம் நாட்டு வைதீகர்கள் கண்ணீர் விடுகின்றார்கள். "மனிதனை மனிதன் விற்பதா! நம் புண்ணிய பூமியில் அப்படிப்பட்ட அக்கிரமம் உண்டா?" என்றும் கேட்கின்றார்கள். உண்டா இல்லையா என்பதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம். திருச்சி மலைக்கோட்டையிலிருந்து காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய் வருகின்ற தூரத்துக்குள்ளாகவே இதற்குச் சாட்சியம் இருக்கின்றது.

முதலில் அமெரிக்காவின் யோக்கியதையைப் பார்ப்போம். 1619-ம் வருஷத்தில் வர்ஜீனியா என்னும் ஆங்கிலேயக் குடியேற்ற நாட்டின் கரையில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட சுமார் 20 பேர் இறக்கப்பட்டார்கள். புகையிலைத் தோட்டக்காரர்களுக்குக் கூலியில்லாமல் உழைக்க ஆள் வேண்டியிருந்தது. ஆகவே சட்டமும் அதற்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்தது. 1662-ல், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று சட்டம் செய்தார்கள். பிறகு, ஞானஸ்நானம் பெற்று ஒருவன் கிறிஸ்தவனாகிவிட்டால் அவனை அடிமையாக வைத்திருக்கலாமா என்ற சங்கடம் பிறந்தது. 1667-ல் அதற்கும் ஒரு சட்டம் செய்து, ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று தீர்த்துவிட்டார்கள். அதாவது ஆத்மாவுக்கு மோட்சம் உண்டு, உடம்புக்கு விடுதலை இல்லை என்பதே இதன் தாத்பரியம்.

1740-ல் தென் கரோலினாவில் அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுப்பது குற்றமாக்கப்பட்டது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-ல் உலகத்துக்குப் பறைசாற்றிய பிரகடனத்தை எழுதிய ஜெபர்ஸனே அடிமைகளை வைத்திருந்த எஜமானர்தான். 1787-ல் செய்த அரசியல் சட்டத்தில், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதற்கு 5 அடிமைகளை 3 பேராகக் கணக்கிட்டார்கள். அந்த 3 பேருக்காவது ஓட்டு உண்டா என்றால் அதுவும் இல்லை. 1860-ல் அடிமைகளின் தொகை 40 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பிறகு 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் 6 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1863 ஜனவரி 1-ந் தேதி ஆபிரகாம் லிங்கன், கலகம் செய்த ராஜ்யங்களின் அடிமைகள் விடுதலை பெற்றார்கள் என்று பிரகடனம் செய்தார். 1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தத்தால் தேசமெங்கும் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது.

நிற்க, நம் காவேரிக்கரைக்கு வருவோம். 1819-ல் சென்னை ரெவினியூ போர்டார், உழவு அடிமைகளின் நிலைமை என்னவென்று கலெக்டர்களைக் கேட்டார்கள். திருச்சி, தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களில் நன்செய்யை உழுது நட்டு அறுத்த பள்ளர், பறையர் வகுப்பு மக்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டதும், ஒற்றி வைக்கப்பட்டதும் அந்த விசாரணையால் சர்க்கார் தஸ்தாவேஜிகளில் ஏறியிருக்கின்றன. கலப்பையைத் தொடுவது பிராமணனுக்கு இழிவு என்பது மனுதர்மம். கலப்பையால் விளைந்த நெல்லைத் தொடுவது மட்டும் இழிவல்ல! ஆகவே உழைப்பதற்கு ஒரு ஜாதியும் உண்பதற்கு ஒரு ஜாதியும் தேவையாயிற்று.

பெரிய புராணத்தில் சுந்தரர் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழப் பார்ப்பனர் வேடத்தில் சிவன் வந்து, ஓலையைக் காட்டி, "நீ எனக்கு அடிமை" என்கின்றார். சுந்தரர் என்ன சொல்லுகின்றார்? மனிதனுக்கு மனிதன் அடிமையாகலாமா என்று கேட்கவில்லை. ஒரு பிராமணன் இன்னொரு பிராமணனுக்கு அடிமையாவது உண்டா என்றுதான் கேட்கின்றார். அப்படியானால் ஆளை எழுதி வாங்கும் ஓலை நம் நாட்டில் தெரிந்த சங்கதி என்பதற்கும், அது எந்த ஜாதிக்குப் பொருந்தாது என்பதற்கும் இந்த பக்திக் கதையை விட வேறு சாட்சி வேண்டுமா?

1833-ல் ஆங்கிலேயர் தங்கள் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழித்துச் சட்டம் செய்தபோது, கம்பெனி ஆண்ட இந்தியாவை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். பிறகு 1843-ல் 5-வது ஆக்டு வந்தது. அதாவது அமெரிக்காவுக்கு 22 வருஷம் முந்தியே நாம் அடிமைத்தனத்தை ஒழித்துவிட்டோமாம்! ஆனால் அந்தச் சட்டம் செய்தது என்ன? ஒருவன் தன் அடிமை என்று உரிமை கொண்டாடிக் கோர்ட்டுக்கு வந்தால் கோர்ட்டு அதை ஏற்காது என்று சொல்லிற்று. அவ்வளவுதான். அடிமை வைத்திருந்தவனுக்குத் தண்டனை இல்லை. அடிமையாயிருந்தவனுக்கு ஒரு குழி நிலமும் இல்லை. ஆகவே மிராசுதாரர்களுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. ஆளோலை போய்க் கடன் பத்திரம் வந்தது. அடிமை என்ற பெயர் போய்ப் பண்ணையாள் என்ற பெயர் வந்தது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழுதான். தப்பிக்க நினைத்தவர்கள் கடல் தாண்டித் தோட்டக்காட்டுக்குப் போனார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய லேபர் கமிஷனின் தலைமை ஆபீஸ் இதே திருச்சியில்தான் இருந்தது. 1843-லேயே அடிமைத்தனம் ஒழிந்தது உண்மையானால், 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எதற்கு என்று கேட்கின்றோம்.

அமெரிக்காவிலும் சட்டத்தோடு காரியம் முடியவில்லை என்பது மெய்தான். விடுதலையான மக்கள் ஓட்டுரிமையைத் தடையில்லாமல் பெறுவதற்காக 1965-ல் மறுபடியும் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்க எஜமானன் விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் அடிமை சுதந்திரனாகலாம். மனுதர்மத்தின் 8-வது அத்தியாயமோ, எஜமானனே விட்டுவிட்டாலும் சூத்திரன் அடிமைத்தனத்திலிருந்து நீங்கமாட்டான், அது அவன் பிறவிக் குணம் என்கின்றது. லிங்கனே வந்தாலும் அறுக்க முடியாத சங்கிலி இது. ஏனென்றால் இது காலில் இல்லை, மூளையில் இருக்கின்றது. கர்மம், தலையெழுத்து, முன்ஜன்மப் பாவம் என்பவைகளே இதன் கண்ணிகள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம்மவர்களைக் கேட்காமல் விட்டால் நாம் யோக்கியர்களாக மாட்டோம். 1968 டிசம்பர் 25-ந் தேதி, அன்றைய தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தகராறில் 44 ஆதிதிராவிட மக்கள் ஒரு குடிசைக்குள் கொளுத்தப்பட்டார்கள். அங்கே எதிரே நின்ற நிலச்சொந்தக்காரர் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் பார்ப்பனரல்ல. பாலத்தைத் தாண்டிப் போய் ஸ்ரீரங்கத்து அக்கிரகாரத்தைக் கேள்வி கேட்கின்ற தோழர், திரும்பி வந்து தன் வயலில் உழைக்கின்றவரை வயதுக்கு மூத்தவரானாலும் "வாடா" என்று கூப்பிட்டால், அவருக்கும் மனுவுக்கும் என்ன வித்தியாசம்? தனக்கு மேலே ஒருவன் கூடாது, கீழே மாத்திரம் ஒருவன் வேண்டும் என்பது சுயமரியாதையாகுமா? அது அடிமைக்குக் கங்காணி உத்தியோகம் பார்ப்பதேயாகும்.

ஆகவே தோழர்களே, அமெரிக்க அடிமைக்காகக் கண்ணீர் விட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சேரியின் பக்கம் திரும்பிப் பாருங்கள். கூலியைக் கணக்காகக் கொடுங்கள். "வாருங்கள்" என்று கூப்பிடுங்கள். உங்கள் திண்ணையில் உட்கார வைத்து உங்கள் டம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள். அவர் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே பெஞ்சில் படிக்கட்டும். இதற்குச் சர்க்கார் சட்டம் எதுவும் வர வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே செய்யலாம்.