தடைப் பலகைக்கு முன் மாற்று ஏற்பாடு வேண்டும்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

தியாகராய நகரில் சிறிய கடை வைத்திருக்கும் வியாபாரிகளில் ஒருவன் நான். கடைத்தெருவில் வண்டி நிறுத்தக் கட்டுப்பாடு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாங்கள் எதிர்க்கிறோம். உடனே, நடந்து போகிறவர்களுக்கு இடம் தர மனமில்லாதவர்கள் என்று எங்களுக்குப் பெயர் வந்துவிடுகிறது. எங்கள் எதிர்ப்பின் காரணம் வேறு. அதைத் தங்கள் பார்வைக்கு வைக்கவே இந்த மடல்.

2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிப் பாதையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தினார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து இளைப்பாறவும், பிள்ளைகளை அச்சமின்றி நடத்திக் கூட்டிப் போகவும் அங்கே இடம் கிடைத்தது. அது நல்ல மாற்றம். அதைக் கலைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எங்கள் கவலை, தடை யார் தலையில் விழுகிறது என்பதுதான். பெரிய ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் சொந்தமாக பார்க்கிங் உண்டு. வண்டியை வாங்கி நிறுத்த ஆளும் உண்டு. ஒற்றை ஷட்டர் கடைக்குத் தெருவோரத்தை விட்டால் வேறு கதியில்லை. தைத்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் கிளம்ப வருபவர், வண்டி நிறுத்த இடமில்லை என்றால் அடுத்த தெருவுக்குப் போகமாட்டார். அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார். பெரிய கடையைத் தொடாத தடை, சின்னக் கடையின் கல்லாவைத் தொடுகிறது.

தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறதே என்பீர்கள். 222 கார்களும் 513 இருசக்கர வாகனங்களும் நிற்கும் அந்தக் கட்டடம் தேவையானதுதான். ஆனால் அது பாண்டி பஜாரின் ஒரு கோடியில் இருக்கிறது. உஸ்மான் சாலைக்கு வருகிறவர் பனகல் பூங்காவைக் கடந்து, கடைவீதி முழுக்க நடந்து அதை எட்ட வேண்டும். மூட்டுவலிக்காரருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அது எளிதல்ல. பாதி நாள் கடை ஏறி இறங்குகிறவருக்கான ஏற்பாடு, ஐந்து நிமிட வேலையாக வருகிறவருக்குப் பொருந்தாது.

சரக்கு இறக்குவதிலும் இதே சிக்கல்தான். குட்டி யானையும் மீன்பாடி வண்டியும் கடை வாசலுக்கு வந்தால்தான் மூட்டை இறங்கும். அதற்கென நேரமும் இடமும் ஒதுக்காமல் தடை மட்டும் போட்டால், ஓட்டுநர் அபராதம் கட்டுவார். அந்தச் செலவு விலையில் ஏறும். பிரதான சாலையிலிருந்து விரட்டப்படும் வண்டிகள் உள்தெருக்களில் போய் நிற்கும். அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் வாசல் கேட்டைத் திறக்க முடியாமல் தவிப்பார்கள். நெரிசல் குறையாது; இடம் மாறும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. சரக்கு இறக்கக் காலையில் கடை திறக்கும் முன் குறிப்பிட்ட நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தெருவிலும் கால் மணி நேரம் மட்டும் நிறுத்தக்கூடிய சில இடங்களைக் கோடு போட்டுக் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆட்டோவுக்கும் தனி இடம் வேண்டும். கடைப் பணியாளர்களின் வண்டிகள் காலை முதல் இரவு வரை தெருவோரத்தை அடைத்து நிற்பது உண்மை. அடுக்குமாடி நிறுத்தத்தில் அவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மாத அட்டை கொடுத்தால், தெருவோர இடம் முழுவதும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும். உள்தெருக்களில் குடியிருப்போர் வாகனங்களுக்கு முன்னுரிமை தாருங்கள்.

பேருந்து நிலையத்தையும் மாம்பலம் ரயில் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பனகல் பூங்காவுக்கு மெட்ரோவும் வரவிருக்கிறது. காரை வீட்டிலேயே விட்டு வருகிறவர்கள் பெருகினால் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். அந்த வசதி எந்த அளவுக்குக் கைக்கு எட்டுகிறதோ, அந்த அளவுக்குக் கட்டுப்பாட்டையும் படிப்படியாகக் கூட்டுங்கள். வசதி பின்னால் வரும், தடை முன்னால் வரும் என்ற வரிசை வேண்டாம்.

எந்தத் தெருவில் தடை கொண்டுவந்தாலும், அதற்கு முன் அந்தத் தெருவின் கடைக்காரர்கள், நடைபாதை வியாபாரிகள், குடியிருப்போர் ஆகியோரை ஒரே கூட்டத்தில் உட்கார வையுங்கள். சில மாதங்கள் சோதனையாக நடத்தி, வண்டிகளையும் நடந்து வருகிறவர்களையும் எண்ணி, கணக்கை எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். அந்தக் கணக்கு எங்களுக்கு எதிராக வந்தாலும் ஏற்றுக்கொள்வோம். எங்களைக் கேட்காமல் எடுக்கும் முடிவை மட்டும் ஏற்க முடியாது.

இப்படிக்கு,
தியாகராய நகர் சிறு வியாபாரி ஒருவர்